பிரிக்காத உறைகள்

எங்கள் ஊர் மேயருக்குத் திடீரென்று மரங்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. தேர்தலுக்கு நான்கு மாதம் இருந்தது. பாசம் பொங்க நல்ல பருவம். நகராட்சியில் குவிந்திருந்த பழைய காகிதம் பத்து டன்னையும் எங்கள் காகித ஆலைக்குக் கொடுத்தார். அது கூழாவதைக் கண்ணால் பார்க்க, வாத்தியக் குழு, புகைப்படக்காரர், செயலாளர் எவெலியோ சகிதம் கிளம்பியும் வந்துவிட்டார்.

நான் கரைப்புத் தொட்டிக்காரன். வெந்நீரில் காகிதத்தைக் கடைந்து கஞ்சியாக்குவது என் வேலை. அப்புறம் சல்லடை குண்டூசிகளைப் பிடித்துக்கொள்ளும். சோப்பு நுரை மையைத் தூக்கிக்கொண்டு போகும். மிச்சக் கூழ் கம்பி வலையில் பரவி, சூடான உருளைகளில் காய்ந்து, புதுத் தாளாக வெளியே வரும். இதை மேயருக்கு விளக்க ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் முடிவதற்குள், "அடேயப்பா, என்ன விஞ்ஞானம்!" என்று வியந்து முடித்துவிட்டார்.

தொட்டிக்கு முன்னால் ஓடும் பெல்ட்டில் பிளாஸ்டிக்கும் கம்பியும் பொறுக்குகிறவள் யாமிலெத். ஆற்றோரத் தெருக்காரி. மழை பெய்தால் சாக்கடை அவள் வீட்டுக்குள் விருந்தாளியாக வரும்.

மேயர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். கைதட்டல். பெல்ட் ஓடியது. பத்து நிமிடத்தில் யாமிலெத் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் நின்றது. வாத்தியம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மேயர்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. எங்க தெருவுக்குச் சாக்கடை கட்டித் தரச் சொல்லி நான் எழுதின மனு. நூத்திப் பன்னெண்டு பேரு கையெழுத்து. ஒட்டின உறை ஒட்டினபடியே இருக்கு."

எவெலியோ குறுக்கே பாய்ந்தார். "அது பரிசீலனையில இருக்கும்மா!"

"பெல்ட்டு மேலயா சார்?"

பெல்ட்டின் இரு பக்கமும் பெண்கள் சிரித்தார்கள். அடுத்த காகிதக் கட்டையும் அவிழ்த்தார்கள். பிரிக்காத உறைகள் நாற்பத்து மூன்று தேறின.

"எல்லாத்தையும் தொட்டியில போடுங்க. புதுசா எழுதிக் குடுங்க, நானே படிக்கிறேன்," என்றார் மேயர், பெருந்தன்மையாக.

"கண்ணை எதுக்குக் கஷ்டப்படுத்திக்கிறீங்க? நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க. காது சும்மாதானே இருக்கு?"

பின்னாலிருந்து ஆலை மேலாளர் வேண்டாம் வேண்டாமென்று கையாட்டினார். அவளும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே உறையைக் கிழித்தாள். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவளுக்கு வேலை போனால் என்ன ஆகுமென்று எனக்கும் தெரியும். அவள் நிறுத்தவில்லை. எரியாத தெருவிளக்கு, ஒழுகும் பள்ளிக்கூரை, கடித்த நாய் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். புகைப்படக்காரர் எதிரே நின்றதால் மேயரால் எழுந்து போகவும் முடியவில்லை. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, விழாவுக்கு வாங்கிய பாலாடைக்கட்டி ரொட்டி கையிலேயே ஆறிப்போக, இரண்டு மணி நேரம் கேட்டார். ஒவ்வொரு மனுவிலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் பத்திரிகையில் இருவரையும் சேர்த்துப் பெரிய படம்: 'ஆலைக்கே சென்று குறை கேட்ட மேயர்!' அந்தப் படத்துக்குப் பயந்தோ மயங்கியோ, ஐந்தாவது வாரம் அவள் தெருவுக்குச் சாக்கடை கட்டிக் கொடுத்தார். யாமிலெத்தின் வேலையும் தப்பியது. பத்திரிகையில் வந்தவளை யார் தொடுவார்கள்? மேயர் அமோகமாக ஜெயித்தார்.

"உன்னாலதான்டி ஜெயிச்சாரு," என்று கடுப்பேற்றினேன்.

"ஜெயிச்சுட்டுப் போறாரு. என் வீட்டுத் தரை காஞ்சிருக்கு," என்றாள்.

நகராட்சியும் பாடம் கற்றுக்கொண்டது. காகிதத்தை இழை இழையாக நறுக்கும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் அங்கிருந்து வருவது நூடுல்ஸ் மாதிரி நறுக்கல்தான். நார் துண்டுபட்டுவிடுவதால் தாள் உறுதியாக நிற்பதில்லை என்று மேலாளர் புலம்புகிறார். அதைப் பற்றி நகராட்சிக்கு ஒரு மனு எழுதப் போகிறாராம்.