பெற்றோல் மணக்குது

வியாழக்கிழமை பின்னேரம் ஜீப்பை ஓட்டிவந்த ஸீனத் அதன் சாவியை வழக்கம்போல் மேசையில் போடவில்லை. கொண்டுவந்து புவாதின் கையிலேயே கொடுத்தாள்.

"உள்ளுக்குப் பெற்றோல் மணக்குது. திங்கக்கிழமையிலிருந்து செல்லுறேன். நீங்க ஒண்ணுமில்ல எண்டுதான் செல்லுறீங்க."

"பாத்தேன்தானே. ஒரு சொட்டும் இல்ல. மெரின் டிரைவ் ரோட்டுல முன்னுக்குப் போற வாகனத்துட புகையா ஈக்கும்."

"புகை மணத்துக்கும் பெற்றோல் மணத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அந்த வித்தியாசம் தெரியாமல் இருந்தது புவாதுக்குத்தான். நான்கு வருடங்களாக அவனுக்கு எதுவும் மணப்பதில்லை.

கொரோனா வந்தபோது வீட்டில் மூன்று பேருக்கும் மணம் போயிற்று. மகள் நிம்றாவுக்கு ஒரு கிழமையில் திரும்பியது, ஸீனத்துக்கு மூன்று கிழமையில். "ஒங்களுக்கு?" என்று அவள் கேட்டபோது, "எனக்கும் வந்திட்டு" என்றான். எப்படியும் நாளைக்கோ மறுநாளோ வந்துவிடும் என்று நம்பிச் சொன்னது. அப்போது கொச்சிக்கடையில் அவன் வேலை செய்யும் வாசனைத் திரவிய ஏற்றுமதிக் களஞ்சியத்தில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய வேலையோ சரக்கின் தரம் பார்ப்பது. கறுவா, கராம்பு, மிளகு, சாதிக்காய் என்று மூட்டை மூட்டையாக வருவதில் ஒரு பிடி எடுத்து, கசக்கி, முகர்ந்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்ல வேண்டும். மூக்கு இல்லாத தரப் பரிசோதகரை எந்த முதலாளி வைத்திருப்பார்?

மணம் வரவில்லை. பொய் மட்டும் நின்றுவிட்டது.

அவன் கெட்டிக்காரன், சமாளித்தான். மிளகைக் கடித்தால் நாக்கு எரியும். கராம்பு நல்லதென்றால் நாக்கு மரத்துப்போகும். கறுவாப்பட்டை முறிகிற சத்தத்தில் ஈரம் பிடிபடும். மிச்சத்துக்கு யோசெப்பின் இருந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி, அவனுக்கு அடுத்த மேசை. அவன் மாதிரித் தட்டை முகர்வதுபோல் முகர்ந்துவிட்டு அவளிடம் நீட்டுவான். அவள் முகர்கிறபோது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். புருவம் சுருங்கினால், "எனக்கும் அப்படித்தான் பட்டது" என்பான்.

ஜீப் விஷயத்திலும் ஒரு சமாளிப்பு இருந்தது. இருபத்தெட்டு வயதான வாகனம், அவனுடைய வாப்பா வாங்கியது. வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் அதை விற்று வேறொன்று எடுக்க வழியில்லாமல், ரேடியேட்டர், கிளச், பிரேக் என்று ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தியெல்லாம் கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் கராஜுக்குத்தான் கொண்டுபோவான். ஆனால் ஹியூபேட், ஒயில் குச்சியை இழுத்துத் தன் மூக்கருகே பிடித்துவிட்டு, "எரிஞ்ச மணம் வருது நானா, பாருங்க" என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு நீட்டுகிற ஆள். இரண்டு தரம் தலையாட்டினான். மூன்றாவது தரம் போகவில்லை. வீடியோக்களைப் பார்த்துத் தானே ஸ்பெனர் பிடிக்கத் தொடங்கினான். கை நன்றாகவே வந்தது. ஒயில் மாற்றினான், பிரேக் கட்டை மாற்றினான். போன ஞாயிற்றுக்கிழமை பெற்றோல் பில்டரையும் மாற்றினான். திங்கட்கிழமை ஸீனத், பெற்றோல் மணக்கிறது என்றாள்.

வியாழன் மாலை பொனட்டைத் திறந்து வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தான். ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவி விரலைப் பார்த்தான். காய்ந்த தூசிதான். குனிந்து பில்டரையும் பார்த்தான். அது வாகனத்துக்கு அடியில், டாங்கிக்கு முன்னால், இரும்புச் சட்டத்தின் மேல் மூலையில் இருந்தது. கீழே நிலத்தில் ஒரு சொட்டும் விழுந்திருக்கவில்லை.

"கிளீனா ஈக்கு" என்றான் மேலே வந்து.

"அப்ப நாளைக்கு நான் பஸ்ல போறேன். நிம்றாவையும் அதில ஏத்தமாட்டேன்."

"ஒனக்கு எல்லாத்திலயும் சந்தேகம். நான் செய்த வேலையில நம்பிக்கையில்லாட்டி நேராச் செல்லு."

குரல் உயர்ந்துவிட்டது. நிம்றா அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஸீனத் குசினிக்குள் போனாள். வெள்ளிக்கிழமை விடிய, கல்கிசையில் தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குக் காலி வீதியில் பஸ் ஏறிப் போனாள். அன்றைக்கு முழுக்க இருவரும் தேவைக்கு மேல் கதைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் மார்க்கெட்டுக்குப் போன கையோடு புவாத் கீழே இறங்கினான். அன்று களஞ்சியத்தில் அரை நாள் வேலை. வருவதற்குச் சுணங்கும் என்று தகவல் அனுப்பியிருந்தான். எப்படியும் இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும்.

அவர்களுடைய கட்டடத்தின் கீழ்த்தளம் வாகனம் நிறுத்துமிடம். மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் கேட். பகலிலும் இருட்டு. எஞ்சின் ஓடும்போதுதான் பம்ப் பெற்றோலைத் தள்ளும், கசிவிருந்தால் அப்போதுதான் வரும் என்று யோசித்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினான். ஒரு காட்போட் மட்டையை விரித்து அதன்மேல் மல்லாந்து, ஜீப்பின் அடியில் நகர்ந்தான். கம்பிக்கூட்டுக்குள் பல்ப் போட்ட பழைய கைவிளக்கு தலைமாட்டில் எரிந்தது. அதன் வயர் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவர்ப் பிளக்கில் இருந்தது.

பில்டரின் பின்பக்கம் சரியாகத் தெரியவில்லை. டாங்கியைக் கல்லும் மேடும் தட்டாமல் காக்க அதன் அடியில் ஒரு இரும்புத் தகடு பூட்டியிருந்தது. அதை இறக்கினால் தெரியும். முன்பக்கத்து இரண்டு போல்ட்டையும் கழற்றினான். மூன்றாவதைத் தளர்த்தும்போது தலை லேசாகச் சுற்றியது. கண்ணும் எரிந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது பிழை என்று நினைத்துக்கொண்டான்.

தகடு திடீரென்று ஒரு பக்கம் சரிந்தது. அதற்குள் தேங்கியிருந்தது அவன் நெஞ்சிலும் இடது கையிலும் கொட்டி, மட்டையில் வழிந்து, நிலத்தில் ஓடியது.

தண்ணீர், என்றது மனம். புதன்கிழமை பெய்த மழையில் ரோட்டு வெள்ளத்துக்குள்ளால் வந்த ஜீப், அந்தத் தண்ணீர் தகட்டில் நின்றிருக்கும். பனியனால் கழுத்தைத் துடைத்தான். துடைத்த இடம் சில்லிட்டது. ஐஸ் வைத்ததுபோல் சில்லிட்டது. மூன்று நாள் நின்ற மழைத்தண்ணீர் இப்படிக் குளிருமா?

கையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான். ஈரம் அவன் கண்முன்னாலேயே காய்ந்து, தோல் வெளுத்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு எட்டு. பிறகு பை ஒன்று நிலத்தில் விழுந்தது.

"இஞ்ச." ஸீனத்தின் குரல் ஒருமாதிரி இருந்தது. "என்ன செய்றீங்க? நிலமெல்லாம் பெற்றோல். கேட்டடிக்கே மணக்குது."

புவாத் அசையவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பினான். விளக்கு அவன் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஓடிவந்த ஈரம் மட்டையின் விளிம்பைத் தாண்டி, அதை நோக்கி ஒரு விரல் அகலத்தில் நீண்டுகொண்டிருந்தது. மேலே தகட்டின் மூலையில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. சூடான பல்பில் அந்தச் சொட்டு விழுந்தால் கண்ணாடி வெடிக்கும். உள்ளே இருக்கிற கம்பி ஒன்றே போதும்.

"லைட் எரியுது. நான் நிப்பாட்டுறேன்."

"வேணாம். பிளக்கில கை வெக்காதே." தன் குரல் அமைதியாக வந்தது அவனுக்கே அதிசயமாக இருந்தது. "அதில நெருப்புப் பொறி வரும். வெளிய கேட் சுவர்ல மெயின் சுவிச் ஈக்கு. அத இறக்கு. ஓடாதே, நடந்து போ."

அவள் திரும்பிய அதே நேரம் மாடிப்படியில் காலடி கேட்டது. இரண்டாம் மாடியில் இருக்கும் தயாபரன், கார்ச் சாவியைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தான். பக்கத்தில் நின்ற அவனுடைய கார் 'கீக்' என்று ஒரு தரம் கத்தி லைட் அடித்தது.

"தம்பி, கார்ல கை வெக்க வேணாம்" என்றாள் ஸீனத். "அப்படியே நில்லுங்க. அவர் கீழ ஈக்கிறார், பெற்றோல் ஊத்துண்டு ஈக்கு."

தயாபரன் படியில் அப்படியே நின்றான். ஸீனத் வெளியே நடந்தாள். புவாத் வலது கையை நீட்டி, விளக்கின் பிடியை இரண்டு விரலால் பற்றினான். அதை எங்கேயும் தட்டாமல், உரசாமல், தூக்கித் தன் உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். தொங்கிய சொட்டு விழுந்தது, விளக்கு இருந்த இடத்தில். அடுத்தது திரண்டது. மெயின் பெட்டியின் கதவு துருப்பிடித்தது, இழுத்தால் சட்டென்று வராது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. கலிமாவை மனதுக்குள் சொன்னான். பாதியில் எங்கே விட்டேன் என்று தெரியாமல் மறுபடி தொடங்கினான்.

விளக்கு அணைந்தது.

ஆறும்வரைக்கும் அதைப் பிடித்தபடியே கிடந்துவிட்டுத்தான் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தான். தயாபரன் அவன் தோளைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனான். பின்சுவரோடு கிடந்த மணல் மூட்டையை உடைத்து இருவருமாக நிலத்தில் கொட்டினார்கள். ஸீனத் ஒரு பக்கமாக நின்றாள், கை இரண்டையும் கட்டிக்கொண்டு.

"என்ன நானா இது," என்றான் தயாபரன், மூச்சு வாங்க. "படி முழுக்க மணக்குது. நான் என்ர கார்தான் ஒழுகுது எண்டு நினைச்சனான். கிட்டக் கிடந்த உங்களுக்கு மணக்கேல்லையே?"

தடிமன், மூக்கடைப்பு என்று சொல்ல புவாத் வாயைத் திறந்தான். நான்கு வருடப் பழக்கம், சொல் தயாராக நாக்கில் இருந்தது. ஸீனத் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் மணக்கிறல்ல" என்றான். "கொரோனாக்குப் பிறகு. இண்டைவரைக்கும் வரல்ல."

தயாபரன் ஒருமுறை ஸீனத்தைப் பார்த்தான். பிறகு, ஜீப்பைப் பார்க்கிற மெக்கானிக் யார் என்று கேட்டு, ஹியூபேட்டின் நம்பரை வாங்கிக்கொண்டு வீதிப் பக்கம் நகர்ந்தான்.

குளித்து வந்தபோது ஸீனத் குசினியில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"இத மாத்துற யாரு?" என்றாள். "இவ்வளவு நாளும் ஒவ்வொரு மாசமும் இத மாத்திப் பூட்டினது யாரு? 'சரி, லீக் இல்ல' எண்டு செல்லினது யாரு?"

"நான்தான்."

"நானும் நிம்றாவும் இஞ்ச படுத்துக் கிடந்த."

அவன் எதிரே நிலத்தில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க நினைத்தான். அதற்கு முன் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி வாய் வராது.

"இன்னொண்டும் ஈக்கு, ஸீனத். நோன்புக்கு முந்தி ஒரு கொண்டெய்னர் சாதிக்காய் திரும்பி வந்த. பூஞ்சண மணம் எண்டு. அந்தச் சரக்கு லொட்ட முதல்ல பாத்து விட்டது நான். அண்டைக்கு யோசெப்பின் லீவு, அடுத்த நாள் வந்து பேப்பர்ல சைன் மட்டும் வெச்சா. ஸ்டோர்ல வெச்ச விதம் பிழை எண்டு, ஸ்டோரையும் பாக்கிற அவவுக்கு எச்சரிக்கைக் கடிதம் குடுத்தாங்க. நான் பேசாம இருந்தேன்."

ஸீனத் நிலத்திலிருந்து எழுந்து நின்றாள்.

"இண்டைக்கு ஸ்டோர் எத்தன மணி மட்டும்?"

"ஒரு மணி."

"இப்ப பத்தரை. உடுப்ப மாத்திக்கொண்டு போங்க."

"திங்கக்கிழம..."

"திங்கக்கிழமைக்குள்ள ஒங்களுக்கு வேற கத வந்திடும்."

கொச்சிக்கடைக்கு அவன் போய்ச் சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. யோசெப்பின் மிளகுத் தட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய மேசைக்கு முன் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னான். முதலில் மூக்கைப் பற்றி, பிறகு சாதிக்காயைப் பற்றி. குலுக்கிய கை நின்றது.

"சேர், அந்தச் சாதிக்காய்க்கு நான் என்ன செய்தனான் தெரியுமா?" என்றாள். "சைன் வைக்கிறதுக்கு முதல் ஒரு பிடி எடுத்து மணந்து பாத்தனான். லேசா ஒரு மாதிரி இருந்தது. சேர் ஓகே எண்டு எழுதியிருந்தபடியால் என்ர மூக்கிலதான் பிழை எண்டு நினைச்சன். பிறகு லீவு போட்டு டொக்டரிட்டப் போய் மூக்கைக் காட்டினனான்."

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எழுதித் தாங்க" என்றாள் யோசெப்பின். "வாயால சொன்னது நாளைக்கு மாறும்."

அவளுடைய மேசையிலேயே இருந்து எழுதினான். எழுதி முடித்த தாளை அவள் ஒரு வரி விடாமல் வாசித்தாள். லொட் இலக்கத்தில் ஓர் எண் பிழை என்று காட்டினாள். திருத்திக் கையெழுத்து வைத்தான். இருவருமாக மனேஜரின் அறைக்குப் போனார்கள்.

அன்று பின்னேரம் ஹியூபேட் வந்து அடியில் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பில்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் முனை வெடித்திருந்தது. அதன்மேல் பழைய கிளிப்பையே திரும்ப இறுக்கியிருந்தான் புவாத். எஞ்சின் ஓடும்போதெல்லாம் மெல்லிசாகப் பீறி, கீழே சொட்டாமல் தகட்டில் தேங்கியிருக்கிறது. "வேலை நல்லாத்தான் செய்திருக்கிறீங்க நானா," என்றார் ஹியூபேட். "இந்த மாதிரி வேலைக்கு மட்டும் மணக்கிற ஆள் ஒண்டு பக்கத்தில வேணும்." ஸீனத் அதற்குச் சிரிக்கவில்லை.

புவாதின் வேலை போகவில்லை. ஆனால் தரம் பார்க்கும் மேசை போயிற்று. அதில் யோசெப்பினை இருத்தினார்கள், அவளுடைய எச்சரிக்கைக் கடிதத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவனை நிறுவைக்கும் ஈரம் அளப்பதற்கும் மாற்றினார்கள். காது மூக்கு டொக்டர், இவ்வளவு காலம் போனபிறகு நம்பிக்கை குறைவுதான் என்றார். சிலிண்டரை இப்போது ஸீனத்தான் பூட்டுகிறாள். பூட்டிவிட்டுச் சவர்க்கார நுரை தடவிப் பார்க்கிறாள். அவன் பக்கத்தில் நின்றால், "தள்ளுங்க" என்கிறாள்.

யோசெப்பின் அவனோடு கதைக்க ஆறு கிழமை எடுத்தது. அதுவும் வேலை விஷயம்தான்.

"சேர், இந்தக் கராம்பில ஈரம் எவ்வளவு எண்டு பாருங்க."

அவன் மீட்டரின் ஊசியை மூட்டைக்குள் குத்தி, எண் நிற்கும்வரை காத்திருந்து, வாசித்துச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள்.