காருக்குள் ஓர் அண்டா

ஏன்க்கா, எங்க அண்டா ஒங்க காருக்குள்ள என்ன பண்ணுது என்று ஜைனம்பு கேட்டபோது சந்தே சிரித்தது, ஆறு வயதுப் பிள்ளை, ஒரு கையில் முறுக்கு, மறு கையால் பிளிமவுத் டாக்ஸியின் மூக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது டாக்ஸிக்காரர் மகள் எஸ்தர்தான், டிக்கியில ஒங்கம்மா பிரியாணி கிண்டுறாங்கடி, போய்ப் பாரு என்றாள், அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து ஜைனம்புவின் அம்மா பாத்துமுத்து ஓடிவந்து மகளின் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனார், எஸ்தரின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார், அதை அன்று யார் கவனித்தார்கள், இன்று ஏன் அது இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது, மடியில் இந்தத் தட்டு கனத்துக்கொண்டிருக்கிறதே, அதனாலா.

பழைய சாமான் கடையில் உட்கார்ந்திருக்கிறாள் எஸ்தர், அவளுடைய கடைதான், மதுரையில் பழைய கார் உதிரிச் சாமானுக்கு அவளிடம்தான் வருவார்கள், எதிரே கோயம்புத்தூர்ப் பையன் பிரணவ், பழைய வண்டியில் பெரிய என்ஜினை ஏற்றிப் பறக்கவிடும் பைத்தியம் அவனுக்கு, காயலான் கடை லோடில் வந்த இந்த அலுமினியத் தட்டை அவன்தான் பொறுக்கி எடுத்தான், இதுல நம்பரே இல்லீங்களேக்கா, எந்தக் கம்பெனிங்க, அமெரிக்காவா இருந்தா நான் எடுத்துக்கறனுங்க, ஒரு வண்டியின் என்ஜினையும் இன்னொரு வண்டியின் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கட்டும் தட்டு அது, இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்கிற தரகர் மாதிரி, துளைகளை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், அவள் அளந்தாள், ஒரு பக்கம் டீசல் என்ஜின், மறுபக்கம் பிளிமவுத் கியர்பாக்ஸ், மனம் லேசாகத் துள்ளியது, அப்பா இப்படி ஒன்றைக் காட்டித்தானே சொல்வார், கப்பல்ல வந்த சாமான்யா, அமெரிக்காக்காரன் வார்த்தது.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பிப் பிரஷால் விளிம்பைத் தேய்த்தாள், கறுப்பு விலகியது, அலுமினியத்துக்குள் ஓர் இரும்புத் தலை, சதுரம், ஆணி, குதிரைக்கு அடிக்கிற லாட ஆணி, அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள், அமெரிக்காவில் எவன் காருக்குள் லாட ஆணி வைப்பான், ஏசுவே, இந்த ஆணியை அவளுக்குத் தெரியும், பாத்துமுத்து அம்மாவின் வீட்டுக்காரர் ஜட்கா குதிரைவண்டி ஓட்டியவர், டாக்ஸிகள் வந்து அவர் பிழைப்பு போயிற்று, பிறகு அவரும் போனார், கல்யாணச் சோறு ஆக்கித்தான் அந்த அம்மா பிள்ளையை வளர்த்தார், அந்தப் பெரிய அலுமினிய அண்டாவின் காது ஒருமுறை பிய்ந்தபோது உயிரோடிருந்த வீட்டுக்காரர்தான் லாட ஆணியை அறைந்து கொடுத்திருந்தார், கூடமாட உதவிக்குப் போய் அதைத் தூக்கும்போதெல்லாம் எஸ்தரின் விரலில் அந்தச் சதுரம் உறுத்தும், திடீரென்று ஒரு நாள் அண்டாவைக் காணோம், மண்பானையில வடிச்சாத்தான்டி ருசி என்றார் அந்த அம்மா, சின்னச் சின்னப் பானைகளில் எத்தனை பேருக்கு ஆக்க முடியும், கல்யாண வீட்டார் வருவது நின்றுபோயிற்று, எஸ்தரும் நம்பினாள், ருசி என்றே நம்பினாள், அப்போதுதான் பெட்ரோல் போட வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்ற பிளிமவுத்தில் டீசல் என்ஜின் ஏறியது, எஸ்தரின் வீட்டு அடுப்பு மறுபடி எரிந்தது, ரெண்டையும் கட்டுற தட்டுக்கு அலுமினியம் கொண்டா, வார்த்துத் தர்றேன் என்று வார்ப்புப் பட்டறைக்காரன் அப்பாவிடம் சொல்லியிருப்பான், ஆணியைப் பிடுங்காமலே உருக்கியிருக்கிறான், அப்பாவின் முகம் வாடக்கூடாதென்று அந்த அம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை, கேட்ட பிள்ளையின் வாயையும் பொத்தினார், டாக்ஸியால் பிழைப்பு போய், ஊருக்குச் சோறு ஆக்கித் தின்றவர், டாக்ஸிக்கே அண்டாவைக் கொடுத்தாரா, கொடுத்தாரே.

என்னாச்சுங்கக்கா, அழுகறீங்களா என்றான் பிரணவ், மண்ணெண்ணெய் கண்ணுல பட்டுருச்சுப்பா, இது அமெரிக்கா இல்ல, அப்ப லோக்கலுங்களா, லோக்கல்தான், எங்க சந்து, அதுக்குமேல லோக்கல் கிடையாது, விக்கிறதுக்கில்ல தம்பி, அவன் விழித்துக்கொண்டே போனான்.

எஸ்தர் வாங்கிய புது அண்டாவைச் சாய்த்து, பாத்திரக் கடைக்காரர் பெயர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார், யார் பேரும்மா போடணும், பேரு வேணாம்ண்ணே, பேரு இல்லாட்டி விசேஷ வீட்ல மாறிப் போயிரும்மா, யாரு குடுத்ததுன்னும் தெரியாது, தெரிய வேணாம்ண்ணே, அப்படியே குடுங்க.

பாத்துமுத்து அம்மா போய்ச் சேர்ந்த பிறகு ஜைனம்புவும் அதே வீட்டில் விசேஷச் சமையல்தான் செய்கிறாள், வாடகை அண்டாவில், அதைத் திருப்பிக் கொடுக்க அவள் தள்ளுவண்டியோடு கடைத்தெருவுக்குப் போன மத்தியானம் எஸ்தர் கொல்லைப்புறமாக வந்தாள், சந்தில் ஒரு கோழிகூட இல்லை, மூன்று கல் அடுப்பின் மேல் புது அண்டாவை வைத்தாள், அதன் காதை ஒருமுறை தடவினாள், வழுவழுப்பாக இருந்தது, சதுரம் எதுவும் உறுத்தவில்லை, விரல் மட்டும் அதைத் தேடியது, பிளிமவுத் நின்ற முனைக்கு வந்தபோது முறுக்குக் கையோடு அந்தப் பிள்ளை நிற்பது போலிருந்தது, எங்க அண்டா ஒங்க காருக்குள்ள என்ன பண்ணுது, இந்த முறை எஸ்தர் சிரிக்கவில்லை, சோறு பொங்கிச்சுடி ஜைனம்பு, எங்களுக்குச் சோறு பொங்கிச்சு என்று யாருமில்லாத சந்தில் வாய்க்குள் சொல்லிவிட்டு நடந்தாள்.