கரையேறாத தாய்

மாலை ஐந்து மணிக்கெல்லாம் கரையேறிவிடுகிற தாய்ப் பென்குயின் ஏழாகியும் வரவில்லை. ராஹேரா மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

புதருக்குள் இரண்டு குஞ்சுகள். தகப்பனைப் போன வாரம் கடலில் ஏதோ கடித்துக் குதறிவிட, மணலில் வந்து செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து அந்த ஒருத்திதான் கடலுக்கும் கூட்டுக்கும் அலைந்து இரண்டு வாய்க்கும் ஊட்டுகிறாள். காலையில் எடை பார்த்தபோது சின்னது முந்நூறு கிராம் இறங்கியிருந்தது. இன்று ராத்திரியும் பட்டினி என்றால் பிழைக்காது.

ஒட்டாகோக் கரையில் இருபத்திரண்டு வருடமாக இந்த மஞ்சள் கண் ஹோய்ஹோ பென்குயின்களைக் கவனித்து வருகிறவள் ராஹேரா. மணலில் ஆள் தெரிந்தால் அவை கரையேறாது என்பதால் பயணிகளைத் துரத்துவதே அவளுக்குப் பாதி வேலை. மதியம்கூடக் கேமராவோடு வந்த ஒரு ஜோடியை வாங்கு வாங்கென்று வாங்கி அனுப்பியிருந்தாள்.

ஆனால் இன்று, பறவைகளை ஒளிந்து பார்க்கும் பலகை மறைவிடத்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வருவோம் என்று ஐந்தேகாலுக்கு இறங்கினாள். அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை. வலையில் மாட்டியிருக்குமோ, அதையும் ஏதாவது கடித்திருக்குமோ என்று மனம் அதுபாட்டுக்கு ஓட, பைனாகுலரால் தூரக் கடலைத் துழாவிக்கொண்டே நின்றாள்.

இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. மேட்டு நிலத்துக்காரன் கோலின், ஆடுகளை ஓட்டிப்போகச் சற்று முன்புதான் மேலே வந்திருந்தான்.

"ராஹேரா, திரும்பாத. அப்படியே நில்லு. எவனோ டூரிஸ்ட் நடு மணல்ல நிக்கிறான்னு திட்டப் பாத்தேன். பாத்தா நீ."

"தாயக் காணோம் கோலின்."

"உனக்கு இடதுபக்கம், பாறை இடுக்குல நிக்கிறா. என் கண்ணு முன்னாலயே ரெண்டு தடவ ஏறி வந்தா. உன்னப் பாத்துட்டுத் தண்ணிக்கே திரும்பிட்டா. உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா?"

ராஹேராவுக்கு உடம்பே கூசிப்போயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை. இப்போது ஓடி ஒளிந்தால் பறவை மிரண்டுவிடும், நின்றாலோ ஏறாது. காலடியில் கடற்பாசி குவிந்து கிடந்தது. மெல்ல மெல்ல முழங்காலை மடக்கி, அதன் பின்னால் குப்புறப் படுத்து முகத்தை மணலில் வைத்தாள். ஈக்கள் காதை மொய்த்தன. தலையைத் தூக்கிப் பார்க்கத் துடித்தது. தூக்கவில்லை. வா தாயே, வந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

எவ்வளவு நேரமோ. ஈர மணலில் பொத்துப் பொத்தென்று காலடி கேட்டது. நின்றது. அவளுக்கு மூச்சும் நின்றது. பிறகு அந்தச் சத்தம் தலைமாட்டைக் கடந்து மேடேறிப் போயிற்று.

புதரில் ஒரு குஞ்சு கத்தியது. பெரியதின் தடித்த குரல். அது மட்டும்தான். ராஹேரா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, நூலாக மெலிந்த இன்னொரு குரல் அதோடு சேர்ந்தது. அவள் மணலில் கிடந்தபடியே அழுதாள்.

தவழ்ந்தே மறைவிடத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்தாள். தாமதம், இரண்டு மணி நாற்பது நிமிடம். அடுத்த கட்டம், தொந்தரவு செய்தது யார் என்பது. நாய், படகு, பயணி என்று பக்கம் பக்கமாக அவள் கையெழுத்துதான். அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.