முப்பது கிரெடிட்

கிரெடிட் என்றால் என்ன என்று வெற்றிச்செல்வி தன் அப்பாவுக்கு மூன்று முறை விளக்கிவிட்டாள். நான்காவது முறை கல் லாரியை வைத்து விளக்கினாள்.

"ஒரு லோடு கல்லு எறக்குனா எடை போட்டு ஒரு சீட்டு குடுப்பாங்கல்லப்பா, அது மாதிரிதான். முப்பது மணி நேரம் படிச்சா ஒரு சீட்டு. அதுக்குப் பேரு கிரெடிட்டு. ஜெர்மனிக்காரன் எரநூத்திப் பத்து சீட்டு கேக்குறான். எங்கிட்ட நூத்தியெம்பதுதான் இருக்கு."

அப்பா பாவாடை இருபத்தேழு வருடம் அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போனவர். சீட்டு என்றதும் பிடிபட்டுவிட்டது.

"மிச்சம் முப்பது லோடு எங்க போச்சு?"

"அதுவும் எறக்கியாச்சுப்பா. சீட்டுதான் இல்ல."

அது தொலைந்த கதை சுலபமானது. அவர்கள் தெருவில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பன்னிரண்டாவதுக்குப் போக மாட்டார்கள். பாலிடெக்னிக்குக்குப் போவார்கள். மூன்று வருடத்தில் டிப்ளமோ கையில் இருக்கும். பத்தொன்பது வயதில் ஏதாவது ஓர் ஆலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கலாம். மேலே படிக்க வசதி வந்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். பி.இ.யின் முதல் வருடத்துக் கணக்கு, இயற்பியல், வேதியியல், வரைபடம் எல்லாம் டிப்ளமோவிலேயே படித்தாயிற்று என்பது இங்குள்ள கணக்கு. அதில் தவறில்லை. நான்கு வருடப் படிப்பை மூன்று வருடத்தில் முடித்தவள் என்று தெருவே அவளைக் கொண்டாடியது. ஆனால் அவளுடைய பி.இ. மதிப்பெண் பட்டியலில் மூன்று வருடம்தான் இருக்கும். வருடத்துக்கு அறுபது சீட்டு என்று எண்ணினால் நூற்றெண்பதோடு நின்றுவிடும்.

பதினாறு வயதில் எடுத்த குறுக்குவழி முப்பத்திரண்டு வயதில் வந்து குறுக்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஓமனில் ஒரு சிமெண்ட் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் ஆறு வருடமாக அவளுக்கு வேலை. அறுபது மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்ச் சூளை ஒன்று, லேசாகச் சாய்ந்தபடி, இரவும் பகலும் சுழன்றுகொண்டே இருக்கும். மேல் முனையில் கல்மாவு போகும். கீழ் முனையில் நெருப்பு. உள்ளே ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரி. மாவு உருண்டு உருண்டு கீழே வருவதற்குள் கரும்பச்சை உருண்டைகளாகிவிடும். அதை அரைத்தால் சிமெண்ட். திரையில் ஒரு கோடு அசைவதை வைத்து உள்ளே நெருப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கூட வேலை செய்தவர்கள் அவளைச் சூளைக்குச் சொந்தக்காரி என்பார்கள்.

அந்த வேலையை இனி உள்ளூர்க்காரர்களுக்கே தருவது என்று ஆலை முடிவெடுத்துவிட்டது. செப்டம்பரோடு விசா முடிகிறது. விடுப்பில் வந்திருக்கிறாள், அதற்குள் வேறு நாடு பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு முதுகலைப் படிப்புதான் வாசல்.

இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று அயர்லாந்தில் ஒரு வருடப் பொறியியல் மேலாண்மை. அவர்கள் எந்தச் சீட்டையும் எண்ணவில்லை. அவளுடைய சேமிப்பு மொத்தமும் போகும், அவ்வளவுதான். ஜூலை பதினான்கு மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். படித்து முடித்தால் ஏதோ ஓர் அலுவலகத்தில் திட்டங்களுக்குத் தேதி குறிக்கும் வேலை கிடைக்கும். சூளைக்குப் பக்கத்தில் யாரும் விட மாட்டார்கள்.

இன்னொன்று ஜெர்மனி. சிமெண்ட் மட்டும் இரண்டு வருடம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வரும். அது நிலக்கரியிலிருந்து மட்டும் வருவதில்லை, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது. கல்லையே குறைக்க வேண்டும். கல்லில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, சுட்ட களிமண்ணை வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே படிப்பு. இதைப் படித்த நாளிலிருந்து வெற்றிச்செல்விக்கு வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. விண்ணப்பிக்க ஜூலை பதினைந்து கடைசி.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டாள். பதில் நியாயமாகவே வந்தது. டிப்ளமோ முதல் வருடப் பாடங்களை எத்தனை மணி நேரம் படித்தாள் என்று காட்டும் பாடத்திட்டப் புத்தகத்தை அனுப்பலாம். கல்லூரி சான்றளித்திருந்தால் அந்தக் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். உறுதியாகாத சான்றோடு வரும் விண்ணப்பம் தள்ளப்படும். கல்லூரியே இல்லையென்றால் எதுவும் சேர்க்காமல், புத்தகத்தை இருக்கிறபடி அனுப்பி, காரணத்தை எழுதினால் போதும். குழு பார்த்து முடிவு செய்யும்.

கல்லூரி இல்லைதான். மூடி ஆறு வருடமாகிறது. வரைபட வகுப்பு நடந்த ஹாலில் இப்போது முந்திரி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். சென்னையில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் போன் செய்தாள். பழைய பாடத்திட்டம் வேண்டுமென்றால் மனு எழுதிப் போடுங்கள், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கூடப் படித்த பதினேழு பேரைக் கேட்டாள். ஒருவரிடமும் இல்லை. கடைசியில் அவர்களில் ஒருத்தியான சிவரஞ்சனிதான் சொன்னாள்: "காலேஜ் ஆபீஸ்ல இருந்த கொளஞ்சியப்பன் சார்கிட்ட கேளுடி. அந்தாளு ஊசி நூலைக்கூடத் தூக்கிப் போட மாட்டாரு."

கேட்டாள். இருந்தது.

"தொண்ணூத்தாறு பக்கம்மா, பத்திரமா இருக்கு," என்றார் கொளஞ்சியப்பன் போனில். "சீலும் எங்கிட்டதான் இருக்கு. போட்டுத் தந்துடவா?"

"வேணாங்க சார். புத்தகம் மட்டும் போதுங்க."

"ஒனக்கு இல்லாததா."

"இல்லீங்க சார், வேணாம். சும்மா அப்படியே குடுத்தா போதும்."

"சரி வா, வா," என்று சிரித்தார்.

ஜூலை பன்னிரண்டு காலையில் பெரம்பலூரிலிருந்து கிளம்பினாள். அப்பாவும் வருவேன் என்றார். முதுகுவலிக்காரரைப் பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அரியலூரில் மாறி, ஜெயங்கொண்டத்தில் மாறி, ஆண்டிமடம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வழியெல்லாம் கல் லாரிகள். புளியமரத்து இலைகள்கூட வெள்ளையாக இருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தாள்: கணக்கு, வாரம் ஐந்து மணி, பதினாறு வாரம், எண்பது மணி. இயற்பியல் எண்பது. வேதியியல் எண்பது. வரைபடம் தொண்ணூற்றாறு. பட்டறையும் செய்முறையும் வீட்டுப்பாடமும் சேர்த்தால் தொள்ளாயிரம் வந்துவிடும். தொள்ளாயிரத்தை முப்பதால் வகுத்தால் முப்பது. ஒவ்வொரு முறை வகுத்தாலும் முப்பதே வந்ததில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

முந்திரித் தோப்புக்குப் பக்கத்தில் வீடு. கொளஞ்சியப்பனின் மனைவி லீலாவதி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓமன்லேர்ந்து வந்திருக்குற பொண்ணா? ஒட்டகப்பால் குடிச்சா ஒடம்பு போடும்பாங்க. நீ என்ன இப்பிடிக் குச்சியா இருக்க?"

"அங்கயும் ஆவின் மாதிரி பாக்கெட் பாலுதாங்கம்மா."

"போச்சுடா," என்றாள் லீலாவதி. "ஒக்காரு, சாப்புட்டுதான் போவணும்."

"வேணாங்கம்மா, இப்பத்தான் ஜெயங்கொண்டத்துல சாப்புட்டேன்."

லீலாவதி அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் இலையை விரித்தாள். இந்தப் பக்கத்தில் விருந்தாளியின் முதல் வேண்டாமுக்கு மதிப்பு கிடையாது. இரண்டாவதுக்கும் கிடையாது. வேண்டாம் என்று சொல்வது வந்தவர் மரியாதை. கேட்காமல் போடுவது வீட்டார் மரியாதை. வெற்றிச்செல்விக்கும் இது தெரியும். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சார் எங்கீங்க?"

"உள்ளாரதான் இருக்காரு. ஒன் வேலையாத்தான். காலையில ஆறு மணிக்கு ஒக்காந்தது."

சோற்றில் கை வைக்கப் போனவள் நிறுத்தினாள்.

"என்ன வேலைங்க?"

லீலாவதி பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து சத்தம் கேட்டது. டொப். ஒரு சின்ன இடைவெளி. டொப். பக்கம் திருப்பும் சத்தம். டொப்.

இலையைத் தாண்டி எழுந்து உள்ளே போனாள். கொளஞ்சியப்பன் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பனியனோடு, மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மை அட்டை, ஈரத்துணி. மூக்கு நுனியில் வியர்வை. கடைசிப் பக்கத்தில் கடைசி முத்திரையை அழுத்திவிட்டு நிமிர்ந்தார். பல்லெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியாம்மா? கரெக்டா முடிச்சேன் பாரு. தொண்ணூத்தாறு பக்கமும். ஒண்ணு விடல."

ஒவ்வொரு பக்கத்திலும் வட்டமாகக் கல்லூரி முத்திரை. அதன் மேல் முதல்வர் சாமிதுரையின் கையெழுத்து. முதல்வருக்குக் கையெழுத்துப் போடச் சோம்பல். அந்தக் காலத்திலேயே கையெழுத்தை ரப்பரில் செய்து கொளஞ்சியப்பனிடம் கொடுத்துவிட்டார். கொரோனாவில் அவர் இறந்துபோய் நாலைந்து வருடமாகிறது. கீழே தேதி.

தேதி முத்திரையில் நாளுக்கும் மாதத்துக்கும் வருடத்துக்கும் தனித்தனி ரப்பர் வார்கள் உண்டு. பல்சக்கரத்தைத் திருகினால் வேண்டிய எண் கீழே வரும். வருட வாரை அவர் 2018-க்குத் திருகியிருந்தார்.

"இன்னைக்குத் தேதி போட்டா, மூடுன காலேஜுல எப்பிடிய்யா சீலுன்னு கேப்பான்ல," என்றார். "யோசிச்சுத்தான் போட்டேன்."

வெற்றிச்செல்வி புத்தகத்தைக் கையில் வாங்கினாள். மை இன்னும் காயவில்லை. உள்ளே எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. எண்பது மணி உண்மை. தொண்ணூற்றாறு மணி உண்மை. அதன் மேல் இருப்பது பொய்.

"சார், நான் வேணாம்னு சொன்னேன்லங்க."

"சொன்ன. நீ கூச்சப்படுவேன்னு தெரியாதா எனக்கு? சீல் இல்லாத காயிதத்தை எவன்ம்மா மதிப்பான்? முப்பது வருசம் ஆபீஸ்ல இருந்தவன் நான்."

"இன்னொரு புத்தகம் இருக்குங்களா?"

"எல்லாத்தையும் பழைய பேப்பருக்கு அள்ளிட்டுப் போயிட்டானுங்க. இது ஒண்ணுதான் பீரோவுல சீலோட கெடந்துச்சு. ஏம்மா?"

அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊதா நிறத்தில் ஊறியிருந்தன. அறுபத்தெட்டு வயது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று பின்னாலிருந்து லீலாவதி சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மனிதரிடம் என்ன சொல்வது? சொல்லி என்ன ஆகப்போகிறது? வேண்டுமானால் ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பார். எழுத்தும் சேர்ந்து போகும்.

"ஒண்ணுமில்லீங்க சார். ரொம்ப நன்றிங்க. வாங்க, சேர்ந்து சாப்புடுவோம்."

திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தாள். கொளஞ்சியப்பன் சொன்னது சரி, ஒன்று விடவில்லை. மையின் ஈரத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டியிருந்தன. நகத்தால் பிரித்தாள். அவற்றிலும் இருந்தது.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "கெடச்சுதா?"

நீட்டினாள். பாவாடை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். படிக்கவில்லை, முத்திரைகளை மட்டும் பார்த்தார். அவர் வாழ்க்கையில் சீல் வைத்த காகிதம் எதுவும் அவ்வளவு எளிதாகக் கிடைத்ததில்லை.

"அம்புட்டுப் பக்கத்துலயுமா? என்னா மனுசன்."

அன்றைக்கும் மறுநாளும் அவள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். ஜெர்மனிக்கு எழுத வேண்டும். எழுதிப் பார்த்தாள். முத்திரைகள் உண்மையானவை, ஆனால் செல்லாதவை. அழித்தாள். முன்னாள் அலுவலர் அன்பினால் வைத்தது, நான் கேட்கவில்லை. அழித்தாள். தேதி உண்மையல்ல, தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். படித்துப் பார்த்தால், பிடிபட்டவள் கொடுக்கும் வாக்குமூலம் போல இருந்தது. சூளைக்குள் நெருப்பு எப்படி எரிகிறது என்று அவளால் எந்த மொழியிலும் விளக்க முடியும். வேண்டாம் என்றவளுக்கு எதற்காக ஒருவர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து தொண்ணூற்றாறு முறை முத்திரை குத்தினார் என்பதை, இலையில் மறுசோறு விழாத ஓர் ஊரில் இருப்பவருக்கு எப்படி விளக்குவது? பெயரைச் சொன்னால் அந்தக் கிழவர் கள்ள முத்திரை வைத்தவர் ஆவார். சொல்லாவிட்டால் அவள் ஆவாள்.

முத்திரையைக் கணினியில் அழித்துவிடலாம் என்றாள் போனில் சிவரஞ்சனி. "அப்ப அது நான் பண்ணுன பொய்யாயிடும்டி," என்றாள் இவள்.

பதினான்காம் தேதி மதியம் அயர்லாந்தின் பக்கத்தைத் திறந்தாள். ஒரு பச்சைக் கட்டம். சம்மதம் என்று எழுதியிருந்தது. அழுத்தினாள். எதையும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வந்தார். "கொளஞ்சியப்பன் சாரும்மா. நன்றி சொல்லலாம்னு நாந்தான் அடிச்சேன். ஒங்கிட்ட கேக்கணுங்கிறாரு."

"போன வேலை முடிஞ்சுதாம்மா?" என்றது போன். "சீல் எல்லாம் தெளிவா விழுந்திருந்துச்சா?"

"தெளிவா இருந்துச்சுங்க சார்," என்றாள் வெற்றிச்செல்வி. "முடிஞ்சுதுங்க."

"பாத்தியா. வேணாம் வேணாம்னு சொன்னியே."

அப்பா சிரித்தார். போனுக்கு அந்தப் பக்கம் லீலாவதி சிரிப்பதும் கேட்டது. வெற்றிச்செல்வி புத்தகத்தை மூடினாள். அவள் விரல்களிலும் ஊதா ஒட்டியிருந்தது.