விழாத தோட்டா

ரிவால்வரின் தண்டை அழுத்துகிறேன், தகரத் தட்டில் ஒன்றும் விழவில்லை, உருளையை மூடுகிறேன், தூக்கத்திலும் கட்டைவிரல் இப்படித்தான் மடங்கி மடங்கி விரிகிறது, விழவேண்டியது விழாத அந்த இடைவெளியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் என் தங்கை புருஷன் மருதாசலம் நிற்கிறான், மச்சான் மச்சான் என்று ஏதோ சொல்ல வருகிறான், அவன் சொல்வதை நான் நம்பவில்லை, அடேயப்பா, கனவில்கூட நம்பவில்லை, அப்படிப்பட்ட ஆள் நான். பால்காரன் ஊற்றிவிட்டுப் போனால் விரலை விட்டுச் சொட்டவிட்டுப் பார்ப்பேன், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் தூங்கினால் நடிக்கிறான் என்று பையை மடிக்கு இழுத்துக்கொள்வேன், டாக்டர் கொஞ்சம் சிரித்துப் பேசிவிட்டால் போதும், பெரிய வியாதிதான், மறைக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவேன். முப்பத்தோரு வருஷம் கோயமுத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடைக் கவுண்டரில் நின்றவனுக்கு வேறு என்ன புத்தி வரும், துப்பாக்கி வாங்க வருகிறவன் எவனாவது மனுஷரை நம்பிக்கொண்டா வருகிறான், அண்ணன் தம்பியை நம்பமாட்டான், பங்காளி பங்காளியை நம்பமாட்டான், அந்தக் காற்றையே முப்பத்தோரு வருஷம் மூச்சாக இழுத்தேன், உள்ளே கொஞ்சம் தங்காமலா போகும்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலையிலேயே கடை வாசலில் கார்கள் நிற்கும், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஆயுதத்தைப் போலீஸ் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும், ஓட்டு எண்ணி முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும், தோட்டத்துக்காரர்கள், மில்காரர்கள், வால்பாறை எஸ்டேட்காரர்கள், ஒருத்தர் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார், ஓர் அம்மா சோறு கொண்டுபோகிற தூக்குப்போசியில் போட்டு மூடிக் கொண்டுவந்தார், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நீட்டுவார்கள். நான் வாங்கிக் காலி செய்வேன், மருதாசலம் அதை இரும்பறைக்குக் கொண்டுபோய் அடுக்குவான், இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது துடைத்து எண்ணெய் போட்டு விசை சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் அவன் வேலை, நான்தான் அவனை முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன், என் தங்கை வசந்தாமணியைக் கட்டியவன் சும்மா சுற்றக் கூடாதே என்று. ரிவால்வரைக் காலி செய்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, குனிந்து பார்க்கவே மாட்டேன், உருளையை வெளியே தள்ளி, தட்டுக்கு மேலே படுக்கையாகப் பிடித்து, நடுத்தண்டை ஓர் அழுத்து, உள்ளே தோட்டா இருந்தால் அத்தனையும் தட்டில் விழும், சத்தத்தை வைத்தே எத்தனை என்று சொல்லிவிடுவேன், சத்தம் இல்லையென்றால் காலி, காலி என்று சீட்டில் எழுதிக் கட்டிவிடுவேன். கண் எங்கே இருக்கும் என்றால், எதிரே நிற்கிறவனின் கைமேல் இருக்கும், இவன் என்ன எடுக்கிறான், எதை மறைக்கிறான், எதற்கு அவசரப்படுகிறான், அதைப் பார்க்கத்தான் கடவுள் எனக்குக் கண் கொடுத்தான் என்று நினைத்திருந்தேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேர்தலின்போது நாச்சிமுத்து என்ற பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர் கொண்டுவந்தது உள்ளங்கையில் அடங்குகிற ரிவால்வர், ஐந்து குழி, மூக்கு வெட்டினாற்போலக் குட்டைக் குழல், ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரையிடம் அவர் அப்பா வாங்கியதாம், நான் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் சட்டைப் பையை அடிக்கடி தொட்டார், எனக்குச் சந்தேகம், கடைசியில் பொடி டப்பா. தண்டை அழுத்தினேன், தட்டில் சத்தம் இல்லை, காலி. இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இரும்பறைக்குள்ளிருந்து வெடிச்சத்தம், கடையே ஒருமுறை அதிர்ந்து நிற்கிறது, ஓடுகிறேன், இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன், மருதாசலம் மரப்பெட்டிமேல் சாய்ந்து இடதுகையை வலதுகையால் பிடித்துக்கொண்டிருக்கிறான், எண்ணெய்த் துணி சிவப்பாகிக்கொண்டே போகிறது, அதற்குள்ளே விரல்கள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, என் வாயில் முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா, ஐயோ இல்லை, மாப்பிள்ளை இல்லை, இதுல யாரு தோட்டா போட்டது என்று கேட்டேன்.

இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்னான், நான் போடலீங் மச்சான், அது வேற தினுசுத் தோட்டாவாட்டம் இருக்குதுங், அந்தச் சின்னதுல தண்டு தள்ளலீங், நீங்க ஒருக்கா பாருங் என்றான். கதை கட்டாதீங்க மாப்பிள்ளை, தண்டு தள்ளாத ரிவால்வர் உலகத்திலேயே கிடையாது என்றேன், உலகத்து ரிவால்வர்களையெல்லாம் நானே பெற்று வளர்த்த மாதிரி. எனக்குள் கணக்கு வேறு மாதிரி ஓடியது, சாவி இவன் கையில், இரண்டு மாதம் அது இவன் வசம், யாருக்கோ ஒரு ராத்திரிக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறான், திரும்பி வந்ததில் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது, அது இவனையே கடித்தது. அன்று சாயங்காலமே வசந்தாமணியிடம் போய் நின்றேன், கலியாணமாகி ஒன்றரை வருஷம்தான், அம்மிணி, உன்ற புருஷன் என்னமோ பண்ணியிருக்கறான், நாளைக்கு உன் தலைமேல விடியும், பத்து நாளைக்கு நம்மூட்டுக்கு வந்து இரு என்றேன். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பை துணியோடு வந்தாள், பாவி மகள், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா. போலீஸ் விசாரணைக்கு வந்தபோது நான் அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன், நான் காலி செய்துதான் கொடுத்தேன். மருதாசலம் ஒரே வார்த்தைதான் சொன்னான், எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியலீங்க, அவ்வளவுதான், எனக்கு அது போதும், ஆஸ்பத்திரியில் என்னிடம் அத்தனை பேசியவன் அதிகாரி முன்னால் ஏன் ஊமையானான், தப்பு செய்யாதவன் ஊமையாவானா. வேலையைவிட்டு அனுப்பினார்கள். இரண்டு தடவை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான், அவளக் கொஞ்சம் வரச் சொல்லுங் மச்சான் என்றான், நான் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு, மொதல்ல உண்மையச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம் என்றேன், மூன்றாவது தடவை அவன் வரவில்லை, குற்றமுள்ள நெஞ்சு எப்படி வரும் என்றுகூட வீட்டில் உரக்கச் சொன்னேன், அவள் கேட்கட்டும் என்றே சொன்னேன், பத்து நாள் என்று வந்தவள் இருபத்திரண்டு வருஷமாக என் வீட்டு அடுப்படியில் இருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து போன், முதலாளி காலமாகி இப்போது அவர் மகள் கௌரிதான் நடத்துகிறாள், தேர்தல் வந்திருச்சுங் மாமா, கூட்டந் தாங்கலை, ரெண்டு நாளைக்கு வந்து ஒத்தாசை பண்ணுங்க என்றாள். என்னை எதற்குக் கூப்பிடுகிறாள், பழைய சரக்கு ஏதாவது காணாமல் போயிருக்குமோ, என்மேல் போடப் பார்க்கிறாளோ என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். கவுண்டரில் அதே இடம், தகரத் தட்டு மாத்திரம் பிளாஸ்டிக் ஆகியிருந்தது, ஒரு பனியன் கம்பெனிக்காரர் குட்டி ரிவால்வர் ஒன்றை நீட்டினார், நான் வழக்கம்போல் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே தண்டை அழுத்தி, சத்தம் இல்லை, மூடி, காலி பாப்பா என்று கௌரியிடம் தள்ளினேன். அவள் திறந்து குனிந்து பார்த்தாள், சத்தம் போடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள், மாமா, உள்ள மூணு இருக்குதுங்களே என்றாள். அவள் பென்சிலை முன்பக்கமாக விட்டு ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளினாள், தள்ளிக்கொண்டே சொல்கிறாள், இது பிஸ்டல் தோட்டா போடற ரிவால்வருங் மாமா, ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில ஆணித்தலையாட்டம் விளிம்பு இருக்கும், தண்டு அதைப் பிடிச்சுத் தள்ளும், பிஸ்டல் தோட்டாவுக்கு அந்த விளிம்பு கெடயாதுங், அதுக்குன்னு ஒரு தகட்டு வளையம் வரும், அதுல கோத்துப் போட்டாத்தான் மொத்தமா வெளிய வரும், வளையத்தத் தொலச்சுட்டு உதிரியாப் போட்டுட்டு வந்துடறாங்க, தண்டு சும்மா போயிட்டு வரும், தோட்டா அப்படியே உக்காந்திருக்கும். பனியன் கம்பெனிக்காரர் அசடு வழிந்தார், வளையம் பேத்தி விளையாடித் தொலைச்சுட்டாளுங்க என்றார். அப்போ, அந்தக் காலத்திலும் இந்த மாதிரி இருந்ததா பாப்பா என்றேன். வெள்ளைக்காரன் காலத்துலயே இருந்துதுங், குட்டை மூக்கு, அஞ்சு குழி, பொள்ளாச்சிப் பக்கம் ஒண்ணு இருந்துச்சுன்னு அப்பா சொல்லுவார் என்றாள், அதற்குமேல் நான் கேட்க என்ன இருக்கிறது, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பேன் என்று அன்று நாச்சிமுத்து சொன்னது நினைவுக்கு வந்தது, மற்றவற்றை அவர் கவிழ்த்துக் கொட்டியிருப்பார், எண்ணெய் காய்ந்து பிசினாகி ஒரு தோட்டாவை மட்டும் உள்ளே ஒட்டிவைத்திருக்கும், நான் ஒரு பொடி டப்பாவை முறைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

மருதாசலம் உக்கடத்தில் ஒரு மாவு மில்லில் இருக்கிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்தேன், உள்ளே போனதும் மிளகாய் நெடி, பெல்ட் ஓடுகிற இரைச்சல், தலையெல்லாம் மாவாக ஒருத்தர், நரைதான் என்று நினைத்தேன், தட்டிவிட்டபோது பாதி உதிர்ந்தது, பாதி உதிரவில்லை. வாங் மச்சான், ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா என்றார், நேற்றுப் பார்த்துவிட்டுப் போனவனைக் கேட்கிற மாதிரி. டீ வாங்கி வந்தார், வலதுகையில் இரண்டு கிளாசையும் ஒன்றாகப் பிடித்திருந்தார். நான் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், தோட்டா, விளிம்பு, வளையம், தண்டு, நான் பார்க்காதது, நடுவில் அழுகை வந்தது, இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது. அவர் இயந்திரத்தை நிறுத்தினார். அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங் மச்சான், நீங்க காலின்னு எழுதிக் கட்டியிருந்தீங்க, அதனால நானும் பாக்கலீங், நம்ம ரெண்டு பேர் தப்புந்தான் என்றார். பின்னே ஏன் போலீசிடம் சொல்லவில்லை, ஏன் வாயை மூடிக்கொண்டீர்கள் என்று கத்தினேன், கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். சொன்னா உங்க வேலையும் போயிருக்குமுங், அப்ப அவ உங்கூட்டுல இருந்தா, ரெண்டு பேரும் வெளிய வந்துட்டா அவளுக்கு யாருங் சோறு போடறது என்றார். அந்த நிமிஷத்திலும், கடவுளே, அந்த நிமிஷத்திலும் எனக்குள் ஒருத்தன் கேட்டான், இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருப்பானா, இதில் என்ன வைத்திருக்கிறான் என்று. அந்தக் கேள்வியோடேயே பஸ் ஏறினேன், ஆத்துப்பாலத்தில் இறங்குவதற்குள் என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம்போல இருந்தது.

வசந்தாமணி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். எங்கீங்ணா போனீங்க, சாப்பாடு ஆறிப்போச்சு என்றாள். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும், நின்றபடியே ஆரம்பித்தேன், கடை, கௌரி, பென்சில், மாவு மில், அவர் சொன்னது, ஒன்றையும் விடவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ள இடம் வந்தபோதெல்லாம் அதைத் தாண்டிப் போனேன். அவள் அரிவதை நிறுத்தவில்லை, கத்தி ஒரே தாளமாக நடந்தது, அழுவாள் என்று பார்த்தேன், என்னை அடித்தால்கூடத் தேவலை என்று பார்த்தேன், முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அந்தக் கை இப்ப எப்படிங்ணா இருக்குது. ஒரு மணி நேரம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன், டீ குடித்தேன், அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், அந்தக் கையை அவர் துண்டுக்குள் வைத்திருந்தாரா, மடியில் வைத்திருந்தாரா, ஆறிவிட்டதா, இன்னும் வலிக்கிறதா. பாக்கலை அம்மிணி என்றேன். அவள் அரிந்த காயைத் தண்ணீரில் போட்டாள், கையைக் கழுவினாள், கொடியிலிருந்து வேறு சேலையை எடுத்து உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். நான் போய்ப் பாத்துக்கறனுங், நீங்க சித்த நகருங்க என்றாள். நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கையை எடுத்துவிட்டு ஒதுங்கினேன்.