மீன் மசாலா போட்ட பருப்பு

அர்ச்சுனனின் மீன் மசாலாவில் மீன் கிடையாது. மல்லி, காய்ந்த மிளகாய், சீரகம், சோம்பு, மிளகு, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், ஒரு கை கறிவேப்பிலை. இவ்வளவுதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுப்பான். ஆறவிட்டு மர உரலில் இடித்து, சலித்து, பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடிவைப்பான். மீன் குழம்புக்கென்று ஏற்பட்ட கூட்டு அது. அதைப் பருப்பிலும் முட்டைக்கோஸிலும் போட ஆரம்பித்தது அவன் செய்த வேலை.

காரணம் ருசி அல்ல, மாலை வகுப்பு. ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் கடலுக்கு அப்பால் ஊரில் மனைவி மக்களை விட்டுவந்த கிராணிமார்கள், ஆபீஸிலும் கடையிலும் கணக்கெழுதும் குமாஸ்தாக்கள், சேர்ந்து குடியிருந்தார்கள். அவர்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போடுவது அர்ச்சுனன் ஒருவன்தான். சாம்பாருக்கு ஒரு பொடி, பொரியலுக்கு ஒரு அரைப்பு, முட்டைக்கு ஒன்று என்று தினமும் அரைத்துக்கொண்டிருந்தால் விளக்கு வைக்கும் நேரத்தில் எழுத்தும் கணக்கும் படிக்க வகுப்புக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே இடியாக இடித்துவைத்தால் வாரம் முழுக்க ஓடும் என்று கண்டுபிடித்தான். முதலில் உருளைக்கிழங்கில் போட்டுப் பார்த்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவித்த முட்டையை எண்ணெயில் இந்தப் பொடியோடு புரட்டினான். மரவள்ளிக்கிழங்கில் போட்டான். கடைசியில் துவரம்பருப்பை வேகவைத்து, வெங்காயம் தாளித்து, ஒரு கரண்டி பொடியைத் தூவி இறக்கினான். அன்றைக்குப் பானையில் பருப்பு மிஞ்சவில்லை.

"மசாலாவுக்குத்தான் மீன் பேரு. மீனுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார் பழனியப்பன். துணிக்கடைக் கிராணி, வாய் ஓயாதவர். வெள்ளிக்கிழமைகளில் வீடு முழுக்கச் சைவம். அன்றைக்கு அவர்தான் முதலில் வந்து உட்கார்வார்.

வகுப்பில் வாத்தியார் எல்லாரையும் தினமும் நாலு வரி எழுதிவரச் சொல்லியிருந்தார். அர்ச்சுனன் ஒருநாளும் தவறியதில்லை. காலையில் எழுந்தது, விறகு வாங்கியது, சமைத்தது என்று வரிசையாக எழுதி, கீழே 'சரியாகச் செய்தேனா தெரியவில்லை' என்று முடிப்பான். வாத்தியார் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுவார். மறுநாளும் அவன் அதை எழுதுவான்.

கார்த்திகை முடியும் சமயத்தில் வாத்தியார் அவனைத் தனியே அழைத்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி வேலை காலியாக இருக்கிறது, பொங்கலுக்குள் ஆள் வேண்டுமாம் என்றார். அங்கே பெரிய கிராணி சதாசிவத்தின் மைத்துனர். சதாசிவம் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிச்சயம், சொல்லாவிட்டால் இல்லை.

சதாசிவம்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர். ரயில்வே சரக்கு ஆபீசில் வேலை. ரப்பர் பால்மரம் சீவிக்கொண்டிருந்த அர்ச்சுனனைத் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்திலிருந்து ஈப்போவுக்குக் கூட்டிவந்ததும் அவர்தான், வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அவனுக்கு அவரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாது.

கேட்டதும் அவர் மறுக்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை.

"போலாம். நான் என்ன உன்னக் கட்டியா வச்சிருக்கேன்? உன் கைக்கு ஒரு கைய விட்டுட்டுப் போ. இந்த ருசி வரணும். வந்த அன்னிக்கே நான் சொல்லிவிடுறேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. ஊரில் பிள்ளை பெற்றுப் பிழைக்கமாட்டாள் என்று கைவிடப்பட்ட சதாசிவத்தின் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று தகவல் வந்திருந்தது. தைப்பூசத்துக்குக் குகைக் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டிருந்தார். ஒருவேளைச் சோறு, அதுவும் சுத்த சைவம். அவருக்கென்று அர்ச்சுனன் புதுப் பானையும் புது அகப்பையும் வாங்கி, அடுப்பைக்கூடத் தனியாக மூட்டினான். மீன் ஆக்கிய கையோடு அந்தப் பானையைத் தொடமாட்டான், குளித்துவிட்டுத்தான் தொடுவான். மாலை போட்டதிலிருந்து உன் பருப்புத்தான் எனக்கு உயிர் என்பார் சதாசிவம்.

தன் கைக்கு ஒரு கையைத் தேடி அர்ச்சுனன் பிடித்துவந்தவர் சின்னையா. மரம் சீவும்போது கத்தி பட்டு விரல் மடங்காமல் போனவர், நாற்பது வயதுக்காரர், தனியாள். சமையல் தெரியும். பொறுமைசாலி. அர்ச்சுனன் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். மல்லி எந்த நிறத்துக்கு வரவேண்டும், மிளகாய் எப்போது காம்பு கறுக்கும், வெந்தயத்தை ஏன் கடைசியில் போடவேண்டும், எதையும் விடவில்லை. அவரைப் பொடி இடிக்க வைத்துவிட்டு வகுப்புக்குப் போனான்.

மறுநாள் பழனியப்பன் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்ன, பருப்பா, பருப்புக்குத் தூரத்துச் சொந்தமா?"

சதாசிவம் பாதிச் சோற்றோடு எழுந்து கைகழுவினார். அது போதுமே.

பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று அர்ச்சுனன் முடிவு செய்தான். கணக்கில் தப்பு வந்தால் மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை கூட்டிப்பார் என்பது வாத்தியாரின் வாக்கு. அடுத்த தடவை சின்னையாவைத் தான் எப்போதும் வாங்கும் அதே மிளகாயை வறுக்கச் சொன்னான். ருசி வரவில்லை. அதற்கடுத்து அவனே எல்லாவற்றையும் வறுத்துக்கொடுத்து இடிக்க மட்டும் விட்டான். வரவில்லை. சின்னையா இடித்த அதே பொடியைப் போட்டு, தாளிப்பதை மட்டும் அவன் செய்தான். அப்போதும் வரவில்லை. டின்னில் மிச்சமிருந்த தன் பழைய பொடியைக் கொடுத்துச் சின்னையாவைச் சமைக்கச் சொன்னபோதுதான் எல்லாரும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆக, குற்றம் பொடியில். சமையலில் இல்லை.

தான் மளிகைச் சரக்கு வாங்கும் முகமது இப்ராஹிம் கடைக்குப் போய் மூட்டை மாறியதா என்று கேட்டான். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதே மூட்டைதான் தம்பி. சரக்கு என்னுது, கை உன்னுது. கை மாறினா ருசி மாறத்தானே செய்யும்? இதுக்குப் போய் எம் மூட்டையச் சந்தேகப்படுறியே."

திரும்பி நடக்கையில் அர்ச்சுனனுக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற பெருமை ஒரு பக்கம்; அப்படியானால் கையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்ற பயம் ஒரு பக்கம். வகுப்புக்குப் போக வழி பண்ணிக்கொடுத்த மசாலா, இப்போது வாசலில் குறுக்கே படுத்துக் கிடந்தது. தாண்டினால் காலைப் பிடிக்கிறது. மார்கழி பாதி போய்விட்டது. தோட்டத்தில் வேறொருவன் பெயர் அடிபடுவதாக வாத்தியார் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வெளியே எங்கும் போகவில்லை. சின்னையா இடிப்பதை முதலிலிருந்து பார்ப்பது என்று சமையற்கட்டு நிலையில் உட்கார்ந்தான்.

சின்னையா உரலைக் குழாயடிக்கு உருட்டிக்கொண்டு போனார். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்தார்.

அர்ச்சுனனுக்குச் சிரிப்பு வந்தது. இதுதானா விஷயம்! மசாலா உரலில் ஈரம் படக்கூடாது, பூசணம் பூக்கும் என்பது லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ள சட்டம். துணியால் துடைப்பதோடு சரி. அதைத்தான் அவன் செய்துவந்தான்.

"எதுக்குண்ணே கழுவுறீங்க? வெறும் துணி போதாதா?"

"நேத்து சம்பலுக்குக் காஞ்ச எறாலு இடிச்ச உரலாச்சே தம்பி. அப்படியே மசாலா இடிக்க மனசு வரல. வெள்ளிக்கிழமைப் பருப்புக்கும் இதானே போகுது. ஐயாவுக்கு வேற மாலை." சின்னையா நாரை உதறிவிட்டு, சாதாரணமாகக் கேட்டார். "நீங்களும் கழுவித்தானே இடிப்பீங்க?"

"ம்" என்றான் அர்ச்சுனன்.

உரல் காய்ந்ததும் அவர் வெற்றிலை வாங்கப் போனார். அர்ச்சுனன் குனிந்து உள்ளே கைவிட்டான். பழைய உரல், அடியில் உலக்கை விழுந்து விழுந்து ஒரு வெடிப்பு. நகத்தால் கிண்டினான். சாம்பல் எட்டாத ஆழத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு பொடி வந்தது. முகர்ந்து பார்க்கவே வேண்டாம். சனிக்கிழமைதோறும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலுக்கு அவன் இடித்த காய்ந்த இறால், ஞாயிற்றுக்கிழமைதோறும் இடித்த மசாலாவில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. முட்டைக்கோஸில் ஏறியிருக்கிறது, கிழங்கில் ஏறியிருக்கிறது. புதுப் பானையில், புது அகப்பையால் கிண்டிய பருப்பிலும் ஏறியிருக்கிறது.

பானை ரெண்டு, அடுப்பு ரெண்டு, அகப்பை ரெண்டு. உரல் ஒன்று. இதை எப்படி யோசிக்காமல் விட்டான்?

அன்று வாத்தியாருக்காக எழுத உட்கார்ந்தவன், தேதியைப் போட்டுவிட்டு அப்படியே இருந்தான்.

அடுத்து வந்த நாட்களில் அவன் நடைப்பிணமாகத்தான் இருந்தான். வழி அடைத்துக் கிடக்கவில்லை, அதுதான் கொடுமை. 'கழுவாதீங்கண்ணே' என்று சின்னையாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த பொடியில் ருசி வந்துவிடும். சதாசிவம் சொல்லிவிடுவார், அவன் தோட்டத்துக்குப் போய்விடுவான். அவர் மாலையும் கழுத்துமாக இறாலைத் தின்றுகொண்டே காவடி எடுப்பார். அது வேண்டாமென்றால் அவரிடமே போய்ச் சொல்லலாம். சொன்னால் விரதம் போயிற்று, மாலையைக் கழற்றுவார், ஊரில் அவர் மனைவிக்கு அதன்பிறகு தலைவலி வந்தாலும் அவனுடைய பருப்புத்தான் காரணமென்று ஆகும். இரண்டும் வேண்டாமென்றால், சும்மா இருக்கலாம். அடுப்படியிலேயே தலை நரைக்கலாம். அவன் மூன்று பக்கமும் போய்ப் போய்த் திரும்பி வந்தான். சொல்லிவிடுவோம் என்று ஒரு தடவை சின்னையாவை "அண்ணே" என்று கூப்பிட்டும் விட்டான். அவர் திரும்பியதும், விறகு இருக்கா என்று கேட்டுவைத்தான்.

சதாசிவம் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டு வந்தார். ஒரு மாலை தானாகவே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீயே ஆக்குப்பா. வெறும் வயித்துல காவடி எடுக்க முடியாது" என்றார். கட்டளையிடும் குரல் இல்லை அது. கெஞ்சல்.

அவர் போனதும் அர்ச்சுனன் எழுந்தான். டின்னின் அடியில் ஒரு வேளைக்குப் போதுமான பழைய பொடி இருந்தது. அதைப் போட்டால் நாளைக்கு அவர் வயிறு நிறைய உண்பார். டின்னைப் பின்பக்கம் கொண்டுபோய் லோங்காங் சாக்கடையில் கவிழ்த்தான்; ஓடுகிற தண்ணீர் கொஞ்ச தூரம் சிவந்து, பிறகு தெளிந்தது. கத்தி முனையால் உரலின் வெடிப்பைச் சுரண்டினான். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினான். சாம்பல் போட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, மறுபடி தேய்த்தான். அடுப்பு அனலில் உரலைக் காயவைத்து, விடிந்ததும் புதிதாக வறுத்து இடித்தான். இறாலுக்கு இனி அம்மி என்று சின்னையாவிடம் சொல்லிவைத்தான்.

பருப்பை அவனே ஆக்கினான். அவனே பரிமாறினான்.

பழனியப்பன் வாயில் வைத்தார். மென்றார். "இன்னிக்கும் சின்னையா கைதானா?"

"இல்லண்ணே. நான்தான் ஆக்கினேன்."

பழனியப்பன் ஊறுகாயை இழுத்துக்கொண்டார்.  அர்ச்சுனன் ஒதுங்கி நின்று தன் பங்கை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தான். நல்ல பருப்பு. சுத்தமான பருப்பு. எந்த வீட்டிலும் யார் வேண்டுமானாலும் ஆக்கக்கூடிய பருப்பு. கை, கை என்று நினைத்ததெல்லாம் இறால்தான்.

மறுநாளும் அவன் ஆக்கினான், அதற்கு மறுநாளும். சின்னையா ஆக்கியது எது, அவன் ஆக்கியது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. படிக்கிறவன் கை அடுப்பில் நிற்காது என்று ஒருவர் சொன்னார். கிராணி உத்தியோகம் ஆளுக்கு முன்னே கைக்குத்தான் வந்திருக்கு என்றார் பழனியப்பன். எல்லாரும் சிரித்தார்கள். அர்ச்சுனனும் சிரித்தான். அது சுலபமாக இல்லை.

போகிக்கு முந்தின நாள் சதாசிவம் அவனைக் கூப்பிட்டார்.

"உன் கை போயிருச்சு அர்ச்சுனா" என்றார். கோபம் இல்லை, இழவு வீட்டில் பேசுவதுபோலச் சொன்னார். "மனசு இங்க இல்ல, அதான். புடிச்சு வச்சு என்ன செய்யப்போறேன்? மைத்துனனுக்குச் சொல்லியாச்சு. போய்ச் சேரு."

அவன் அவர் காலைத் தொட்டான். தொட்டவன் எழுந்திருக்க நேரமானது. இனி வரும் நாட்களின் சோறு சுத்தம். கழிந்த நாட்களை எந்தச் சாம்பலால் தேய்ப்பது? சொல்லிவிடலாமா என்று அப்போதும் ஒரு கணம் நினைத்தான். அவர் கழுத்து மாலை அவன் கண்ணுக்கு நேரே ஆடியது. தைப்பூசத்துக்கு வந்து என்கூடப் பால்குடம் எடு என்றார் அவர். வாரேன் ஐயா என்றான்.

புறப்படும் காலையில் சின்னையா வாசல்வரை அவன் பெட்டியைத் தூக்கிவந்தார். வைத்துவிட்டு, இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"மொதல்ல அந்த ருசி எப்படித் தம்பி வந்துச்சு? இப்பவாவது சொல்லிட்டுப் போங்க."

அர்ச்சுனன் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"உரலக் கழுவிக் காயவச்சு இடிங்கண்ணே. அத மட்டும் விட்டுராதீங்க."

"நான்தான் வந்த நாளிலேருந்து அதச் செய்யிறேனே" என்றார் சின்னையா. சொல்லி முடித்தவர் அவன் முகத்தைப் பார்த்தார். திரும்பி, உள்ளே மூலையில் கவிழ்ந்து கிடந்த உரலைப் பார்த்தார். அதற்கும் உள்ளே, பூசை மாடத்துக்கு முன்னால், சதாசிவம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"சரி தம்பி" என்றார் சின்னையா, மெதுவாக. "வண்டிக்கு நேரமாச்சு. போங்க."