நான்காவது நாற்காலி

...நாலாவது பெயர்தான், கண்ணாடி போடாமலே தெரிகிறது, எவரிஸ்தோ ஒலிவாரெஸ், வாக்கு எண்ணுபவர், பாலர் பள்ளியின் வாசல் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள், ஹலாப்பாவில் எங்கள் மேட்டுத் தெரு மொத்தமும் படித்துக்கொள்ளட்டும் என்று, அந்தப் பெயருக்குரிய என் வீட்டுக்காரர் மட்டும் கட்டிலில் போர்வைக்குள் கிடக்கிறார், முதுகு வலியாம்... முப்பத்தாறு வருஷமாக நான் பார்க்காத முதுகா அது? மணி எட்டைத் தாண்டிவிட்டது, வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன், எங்கள் ஊரில் விவரம் தெரிந்த எவரும் செய்யாத காரியம், ஏனென்றால் சாவடி வேலைக்குக் குலுக்கலில் பெயர் வந்தவர்கள் வராமல் போனால் எட்டேகாலுக்கு வரிசையிலிருந்து ஆள் பிடிப்பார்கள், முதலில் நிற்பவரைத்தான் பிடிப்பார்கள், பிடித்தால் கடைசி ஓட்டை எண்ணி முடிக்கும்வரை விடமாட்டார்கள், அதனால்தான் பாதித் தெரு எனக்குப் பின்னால் மூலையில் தமாலே வண்டியைச் சுற்றி நின்று வாழையிலையில் அவித்த சோள மாவைப் பிரித்துப் பிரித்துத் தின்றுகொண்டிருக்கிறது, ஒருத்தருக்கும் பசி கிடையாது, எட்டேகால் தாண்டட்டும் என்று காத்திருக்கிறார்கள். நான் கோபத்தில் வந்தவள், ஏழு மணிக்கே கதவை அறைந்து சாத்திவிட்டு விறுவிறுவென்று வந்து நின்றுவிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறந்த மாதத்தையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் குலுக்கிப் போட்டு ஆள் எடுத்தபோது மனுஷனுக்கு என்ன பெருமை, அழைப்புக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அடுப்பு ரிப்பேருக்குப் போன வீட்டில் எல்லாம் எடுத்துக் காட்டினார், காஸ் சிலிண்டர் போட வந்தவனைக்கூட விடவில்லை, டிவி முன்னால் உட்கார்ந்து இந்த நாடு உருப்படவே உருப்படாது என்று தினமும் தலையில் அடித்துக்கொள்கிற ஆளை நாடே கூப்பிட்டுவிட்டதே! ஆனால் சும்மா சொல்லக் கூடாது, வாய்தான் அப்படி, கை வேறு மாதிரி... மழைக்காலம் வந்தால் எங்கள் தெருமுனைப் பள்ளத்தைச் சொந்த சிமெண்டு போட்டு மூடுகிறவர் அவர்தான், ஈரம் காயும்வரை டாக்ஸிக்காரர்கள் ஏற்றிவிடாமல் பக்கத்தில் முக்காலி போட்டுக் காவல் வேறு, கிழவிகள் வீட்டில் காஸ் கசிந்தால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்... அப்புறம் எங்கே பிசகியது, ஒத்திகை அன்றைக்குத்தான், வேறெங்கே, பயிற்சி கொடுக்க வந்த பெண் பொய்ச் சீட்டுகளைக் கொடுத்து எண்ணச் சொன்னாளாம், முப்பத்திரண்டு இருந்ததாம், இவருக்கு மூன்று தடவையும் முப்பத்தொன்றுதான் வந்ததாம், யாரோ சிரித்தார்களாம். மூன்றாம் வகுப்போடு காப்பிப் பழம் பறிக்கப் போனவர், சிரித்தவனுக்கு அது தெரியுமா? இதைக்கூட எனக்குச் சொன்னது அவர் இல்லை, அந்தப் பெண் சொன்னாள், இவர் வீட்டுக்கு வந்து சூப் ஆறிப்போகும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என்னய்யா என்றேன், ஒண்ணுமில்ல ஒத்தி, வெயில் என்றார், ஒத்தி என்றுதான் என்னைக் கூப்பிடுவார், வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

நேற்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினேன், காலையில் பார்த்தால் முதுகு வலி, பயமா இருக்குன்னு சொல்லித் தொலையேன்யா என்று கத்திவிட்டேன், அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது... ஆத்திரமா, இல்லை வேறு ஏதாவதா? உன்னைப் பார்த்து யாரும் சிரிக்க விடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், வாயில் அது வரவில்லை, கத்தல்தான் வந்தது. இதோ கதவு திறக்கிறது, மருந்துக்கடை நொயெமி, இன்றைக்கு இந்தச் சாவடிக்குத் தலைவி, நான் பார்க்கப் பாவாடை கட்டித் திரிந்த பெண், கையில் காகிதக் கட்டோடு நிற்கிறாள், ஒரு ஆள் குறையுது, மாற்று ஆளுங்களும் வரல, எண்ண ஆள் இல்லாம என்னால பெட்டிய வைக்க முடியாது, யாராச்சும் வாங்களேன்... அவ்வளவுதான், என் பின்னால் வரிசையே இரண்டடி பின்னால் போனது, எல்லோருக்கும் திடீரென்று செருப்பைப் பார்க்கிற வேலை வந்துவிட்டது, ஒருத்திக்கு அடுப்பில் பீன்ஸ், இன்னொருத்தருக்கு ஞானஸ்நானம். சலூன் கிறிஸ்பின் வண்டிப் பக்கமிருந்து வாய் நிறையத் தமாலேயோடு கத்துகிறார், ஏன் மதினி, லிஸ்டுல உங்க வீட்டுக்காரர் பேருல்ல இருக்கு, எங்க ஆளக் காணோம், டிவி முன்னாடி நாட்டத் திருத்திக்கிட்டு இருக்காரா? சிரிக்கிறார்கள். எனக்குக் காது இரண்டும் சூடானது, இதற்குத்தானே அந்த மனுஷன் பயந்து கிடக்கிறார், அவர் இல்லாத இடத்தில்கூடச் சிரிக்கிறார்களே... நொயெமி, நான் வர்றேண்டி, இந்தா ஓட்டு அட்டை, என்று கையை நீட்டினேன், நாட்டுக்காகவா நீட்டினேன், கிறிஸ்பின் வாயை அடைக்கவா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நொயெமி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அழுதுவிடுவாள் போலிருந்தது.

நாற்காலிகள் நாலு வயதுக் குழந்தைகளுக்கானவை, முழங்கால் மூக்கில் இடிக்கிறது, மேலே காகித வண்ணத்துப்பூச்சிகள், என் பெயரை நாலாவது இடத்தில் எழுதியாயிற்று, எண்ணுவதெல்லாம் சாயங்காலம்தான், அதுவரை மை வை அத்தை என்று நொயெமி புட்டியைத் தந்தாள், வலது கட்டைவிரல், நகத்தோடு சேர்த்து. முதல் விரல் பீன்ஸ்காரி, இரண்டாவது பேக்கரிக்காரரின் மகள், அப்புறம் ஒரு பெரிய விரல், நகத்தைச் சுற்றி அடுப்புக்கரி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கரி, நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது... வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான்வரை பூட்டி, தலையை நீர் வைத்து வாரி, ஷூவுக்குப் பாலீஷ்கூடப் போட்டிருக்கிறார், அடப்பாவி மனுஷா! நொயெமி பாதி எழுந்தாள், மாமா, இப்பவா வர்றீங்க, பேர் எழுதிட்டேனே, ஓட்டுப் போட ஆரம்பிச்சாச்சு, இனிமே மாத்த முடியாதே... பரவால்லம்மா, என் வீட்டுக்காரிக்கு என்னைவிட நல்லா எண்ண வரும், என்று அவர் சிரித்தார், அது என்ன சிரிப்பு, தப்பித்த சிரிப்பா, இல்லை... முதுகு எப்படி இருக்கு என்றேன், இருக்கு என்றார். அந்த விரலில் நகத்தோடு சேர்த்து மை வைத்தேன். மை காயட்டும் என்று ஊதினேன், வேறு யாருக்கும் ஊதவில்லை. போகும்போது சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார், பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள், அஞ்சஞ்சாகக் கட்டி, காப்பிக் கூடைகளை எண்ணுவார்களே அந்த மாதிரி, பக்கத்தில் எண்கள், அடித்துத் திருத்தி, மறுபடி எழுதி, கடைசி வரியில் முப்பத்திரண்டு, மூன்று தடவை. சாயங்காலம் உனக்கு ஆகும் ஒத்தி, அஞ்சஞ்சா கட்டிட்டா தப்பாது, என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த விரல் கிறிஸ்பின், எண்ணெய்ப் பிசுக்கோடு. கோவிச்சுக்காத மதினி, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், அவரு அங்கதான் நின்னுருக்காரு, வண்டிக்கு அந்தப் பக்கம், ஏழரைக்கே வந்துட்டாராம், தமாலேக்காரிதான் சொன்னா, ஒரு வாய்கூட சாப்பிடலியாம், நீ கைய நீட்டின பாரு, அப்பத்தான் அவரு காலெடுத்து வெச்சத ஓரக்கண்ணுல பாத்தேன்... மைக் குச்சி என் கையிலேயே நின்றுவிட்டது. முன்னாலயா பின்னாலயா என்றேன். என்னது? காலு, கிறிஸ்பின், இந்தப் பக்கம் வெச்சாரா, வீட்டுப் பக்கம் வெச்சாரா? அவர் யோசித்தார், உண்மையாகவே யோசித்தார், யாருக்குத் தெரியும் மதினி, நான் உன்னையில்ல பாத்துட்டிருந்தேன் என்றார். நானும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால்... வரிசை இப்போது கதவைத் தாண்டித் தெருவில் நிற்கிறது, அத்தை, மை என்கிறாள் நொயெமி, நான் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த விரலைப் பிடித்தேன்.